அளவெடுத்துச் செய்த துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றிப் பேசக் கதை எழுதுகிறவனுக்கு என்ன யோக்கியதை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டாயிற்றா? சரி. நான் புலி சுட்டவனல்ல. எலிப்பொறி வைத்ததோடு என் வேட்டை முடிந்தது. ஆனால் இந்த வழக்கில் பாதி துப்பாக்கி, பாதி கதை. கதை எப்படிக் கட்டப்படுகிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்தக் கதை இதுதான். கம்பெனியில் செய்து கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரைபிள் வெறும் இரும்பு. தேர்ந்த தொழிலாளியிடம் போய், தோளையும் கையையும் அளவெடுக்கச் சொல்லி, நல்ல அக்ரூட் மரமாகப் பொறுக்கி, வருஷக்கணக்கில் காத்திருந்து செய்துகொள்வதுதான் ரைபிள். அதைத் தொட்டவனுக்குத்தான் குறி தவறாது. இப்படிச் சொல்லும் ரசிகர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். துப்பாக்கியையே பார்த்திராத நம்மவர்களில் சிலரும் இதை ஒப்பிக்கிறார்கள்.

நான் இதை மறுக்கிறேன். சாதாரண மனிதன் கடையில் இருப்பதை வாங்கட்டும் என்கிறேன்.

லண்டன் ரிக்பி கம்பெனி என்றால் ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற 275 ரைபிளின் உள்ளே இருந்தது என்ன? ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில், பவுல் மௌசர் ஸ்தாபித்த தொழிற்சாலையில் செய்த இயந்திரம். ஜெர்மன் சிப்பாய்க்கு 1898-ல் கொடுத்த அதே அமைப்புத்தான். தோட்டாவைக் கவ்வி இழுக்கும் அந்தப் பெரிய நகம், முன்னால் இரண்டு பூட்டுப் பற்கள், அவை முறிந்தால் காப்பாற்றப் பின்னால் மூன்றாவது ஒன்று எல்லாம் மௌசரின் மூளை. 275 என்ற தோட்டாவும் மௌசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாதான். லண்டனில் பெயர் மாற்றிக்கொண்டது. மரத்தையும் மெருகையும் சேர்த்து, குழலின் மேல் தன் பெயரைப் பொறித்து விற்றது ரிக்பி. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் உயிர் ஓடுகிற இடம் எது? தொழிற்சாலையில் வந்த இரும்பு.

அமெரிக்கா 1903-ல் தன் ராணுவத்துக்குச் செய்த ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிளும் மௌசரைப் பார்த்துச் செய்ததே. அதற்காக மௌசருக்கு ராயல்டி கொடுக்க நேர்ந்தது. (எழுத்தாளனுக்கே ஒழுங்காக வந்து சேராத ராயல்டி இரும்புக்கு வந்திருக்கிறது. வாழ்க!)

அடுத்து, கார்பெட்டின் ரைபிள் என்பார்கள். சொல்லட்டும். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹிவெட், ஜிம் கார்பெட்டுக்கு ஒரு 275 ரிக்பியைப் பரிசளித்தார். 1926-ல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை அதைக்கொண்டுதான் கார்பெட் சுட்டார். இன்று உலகத்திலேயே பெயர்பெற்ற ரிக்பி அதுதான். அது கார்பெட்டின் தோளை அளந்து செய்ததா? இல்லை, பரிசாக வந்தது. சம்பாவத் புலியை வீழ்த்திய தோள், அந்த ரிக்பி வருவதற்கு முன்பே தேர்ந்த தோள்.

நம் பக்கத்துக்கு வாருங்கள். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் அன்றைய சேலம் ஜில்லாவின் காடுகளில் திரிந்தவர். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் என்று அவர் எழுதிய ஊர்களுக்கு இன்று பஸ் போகிறது. அவர் கையில் இருந்தது 405 வின்செஸ்டர். 1895-ஆம் வருஷத்து மாதிரி. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அமெரிக்காவில் நியூஹேவன் தொழிற்சாலையில் செய்தது. இதே மாதிரி, வேறு தோட்டாவுக்கு ஏற்றவாறு, முதல் உலக யுத்தத்தில் ரஷ்ய ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் போயிற்று. லட்சம் பேருக்குச் செய்த பொருள் ஒருவனுக்கு உதவாது என்பவர்கள் ஜவளகிரிக்குப் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு மூன்று வித ரைபிள்கள் கொண்டுபோனார். அவற்றில் ஒன்று இங்கிலாந்து நண்பர்கள் பரிசளித்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக்குழல். விலை உயர்ந்த கைவேலை. ஆனால் சிங்கத்துக்கு அவர் நம்பியது 405 வின்செஸ்டரை. கட்டை இப்படி இருக்கவேண்டும், குறிக்காட்டி அப்படி இருக்கவேண்டும் என்று வின்செஸ்டர் கம்பெனியோடு அவர் கடிதப் போர் நடத்தியது உண்மைதான். மாற்றச் சொன்னது மரத்தையும் குறிக்காட்டியையும். உள்ளே இருந்த இயந்திரம் எல்லாருக்கும் கொடுத்ததே.

கட்டை மனிதனுக்குப் பொருந்தவேண்டாமா என்றால், வேண்டும். பறவை சுடும் ரவைத் துப்பாக்கியில் அது உயிர்நாடி. அதில் பின்பக்கக் குறிக்காட்டியே கிடையாது. சுடுகிறவனின் கண்தான் பின்குறி. கன்னம் அரை விரல் உயர்ந்தால் ரவை கொக்கின் தலைக்கு மேலே போய்விடும். அதனால்தான் லண்டன்காரர்கள் மூட்டு மூட்டாக வளையும் மாதிரித் துப்பாக்கியைத் தோளில் வைத்துத் தையற்காரனைப் போல அளவெடுக்கிறார்கள். அந்த நியாயத்தை அப்படியே ரைபிளுக்குத் தூக்கி வருவதுதான் மோசடி. ரைபிளுக்கு முன்னும் பின்னும் குறிக்காட்டி உண்டு, அல்லது மேலே தூரதிருஷ்டிக் கண்ணாடி உண்டு. பொருத்தம் சௌகரியம் தரும், விதியை மாற்றாது.

இன்னொரு கூட்டம் அமெரிக்காவில் பெருத்திருக்கிறது. இயந்திரத்தை ஒரு கம்பெனியில், குழலை இன்னொன்றில், விசையை மூன்றாவதில், கட்டையை நாலாவதில் வாங்கிப் பூட்டிவிட்டு, "நான் செய்த ரைபிள்" என்கிறார்கள். நாலு கடையில் வாங்கினால் கைவேலை, ஒரே கடையில் வாங்கினால் மட்டமா? சுடாமல் மக்கர் செய்தால் நாலு கம்பெனியும் மற்ற மூன்றைக் கைகாட்டும். அங்கே இன்று நடுத்தர விலை ரைபிளுக்கே, நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகள் விழும் என்று பல கம்பெனிகள் உத்தரவாதம் தருகின்றன. மலையேறி மூச்சு வாங்கும் வேட்டைக்காரனின் கை அதைவிட எத்தனை அங்குலம் ஆடும்!

எதிர்க்கட்சியாரிடம் பலமான ஆயுதம் ஒன்று உண்டு. நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1936-ல் வந்த வின்செஸ்டர் 70-ஆம் மாதிரி நல்ல ரைபிள் என்று பெயரெடுத்தது. 1964-ல் செலவைக் குறைப்பதற்காக அந்த மௌசர் நகத்தை எடுத்துவிட்டார்கள். மரத்தில் கையால் வெட்டிய கட்டங்களுக்குப் பதில் அச்சால் அழுத்தினார்கள். ஜனங்கள் காறித் துப்பினார்கள். 1964-க்கு முந்தியது என்றால் பழைய ரைபிளுக்கும் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஆகவே கம்பெனியை நம்பாதே என்கிறார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். ஜனங்கள் தேடிப் போன அந்தப் பழைய 70-உம் தொழிற்சாலைச் சரக்குத்தானே? கெடுத்தது கணக்குப்பிள்ளை. வாங்குகிறவர்கள் விடாமல் முணுமுணுத்ததால் 1990-களில் நகம் திரும்பி வந்தது. ஊரெல்லாம் வாங்கும் பொருளுக்கு ஊரெல்லாம் பரிசோதகர்கள்.

நமக்கென்ன இதில்? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேட்டையை முடித்து வைத்துவிட்டது. மிச்சம் இருப்பது பந்தயம். பத்து மீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் புள்ளியைக் காற்றுத் துப்பாக்கியால் தொடும் பந்தயம். அங்கேயும் இந்தக் கதை நுழைந்துவிட்டதுதான் என் கோபம். எனக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரின் மகள் நன்றாகச் சுடுகிறாள். ஐரோப்பாவிலிருந்து அளவெடுத்த கட்டை தருவித்தால்தான் மேலே போகமுடியும் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லிவிட்டாராம். வாத்தியார் மனைவியின் வளையலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது ஜெர்மன் கம்பெனியான வால்தரின் துப்பாக்கியால். இறுதிச் சுற்றுக்கு முன் அதன் குறிக்காட்டி இடம் மாறியிருந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டு சுட்டார். அந்தக் கண்ணையும் கையையும் எந்தத் தச்சன் செய்து கொடுத்தான்?

பழைய தச்சன் ஒருவனுக்காக உளியால் செதுக்கியதை இன்று கம்பெனியே திருகாணியாக வைத்து அனுப்புகிறது. கன்னக்கட்டை ஏறும், இறங்கும். தோள்தட்டு நீளும், சாயும். வாத்தியாரிடம் நான் சொன்னேன்: "வளையலை உள்ளே வையுங்கள், சார். அந்தப் பணம் இருந்தால் குழந்தைக்கு ஒரு வருஷத்துக்கு ரவை வாங்குங்கள். கன்னக்கட்டை உயரத்தை இதுவரை மாற்றிப் பார்த்தீர்களா?" இல்லை என்றார். அதற்கான சாவி துப்பாக்கி வந்த பெட்டிக்குள்ளேயே, பிரிக்காத காகித உறையில் இருந்தது.