நிற வரிசை போதாது: முறுக்கிணை வடத்தைக் காரணத்தோடு கற்பிப்போம்

2023 ஜூன் 5 அன்று திருவனந்தபுரத்தில் கே-ஃபோன் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது முதல், கேரளத்தில் இணையம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கண்ணாடி இழையைப் பற்றியதாகவே உள்ளது. ஆனால் அவ்விழை கட்டடம் வரை வந்தபின், நூலக மேசைக்கும் ஆய்வுக்கூடக் கணினிக்கும் செய்தியைக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் செம்புக் கம்பியே. நூறு மீட்டர் எல்லைக்குள் பணிபுரியும் இந்த ‘லேன் கேபிளை’ நாம் கற்பிக்கும் முறையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு என்பதே என் வாதம்.

வடத்தினுள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக உள்ளன: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. ஒவ்வோர் இணையிலும் இரு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்தம் செல்கிறது. பெறும் முனை இரண்டின் வேறுபாட்டை மட்டுமே படிக்கிறது. முறுக்கியிருப்பதால் வெளியிரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழச் சமமாகப் படிந்து, கழிக்கும்போது நீங்கிவிடுகிறது. இணைகள் தமக்குள் குறுக்கிடாதிருக்க, ஒவ்வொன்றின் முறுக்கு நெருக்கமும் வேறுபடுத்தப்படுகிறது. கிரகாம் பெல் 1881இல் தொலைபேசிக்காகக் காப்புரிமை பெற்ற இவ்வுத்தியை, 1990இல் வெளிவந்த 10பேஸ்-டி தரம் ஈதர்நெட்டுக்குக் கொண்டுவந்தது.

மொழியியல் மாணவர்க்கு இது அந்நியமன்று. ஒரு குறியின் மதிப்பு பிற குறிகளோடு அது கொண்ட வேறுபாட்டில் உள்ளது என்று சசூர் வழியாகப் படித்தவர்கள் நாம். இங்கும் பொருள்படுவது தனிக் கம்பியன்று, இணைக்குள் உள்ள உறவு.

பயிற்சிகள் பலவற்றிலோ நிற வரிசை மட்டுமே மனப்பாடமாகிறது. டி568பி முறையில் பச்சை இணை 3, 6 ஆம் இடங்களில் பிரிந்து நிற்கிறது. நடுவிலுள்ள 4, 5 தொலைபேசி மரபின்படி நீல இணைக்கு உரியவை என்பதே காரணம். இதை அறியாதவர், நான்கு இணைகளையும் அடுத்தடுத்து அடுக்கி இரு முனையிலும் ஒரே வரிசையில் பொருத்திவிடக்கூடும். சாதாரணச் சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் எரியும். கம்பிகள் அனைத்தும் தொடர்பில் இருக்கின்றனவே! ஆனால் இணையாக இயங்க வேண்டிய 3, 6 ஆம் இடங்களில் வெவ்வேறு இணைகளின் கம்பிகள் அமர்ந்திருக்கும். முறுக்கின் பயன் அங்கே அற்றுப்போகிறது. வேகம் குறைகிறது, இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. பழியோ இணையச் சேவை மீது விழுகிறது.

கம்பி பொருத்தும் தொழிலாளிக்குக் கோட்பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கைக் குலைக்கலாகாது என்ற விதியை, காரணம் தெரிந்தவரே கண்காணிப்பார் இல்லாதபோதும் கடைப்பிடிப்பார். காரணத்தை மறைத்து வரிசையை மட்டும் கொடுப்பது, உழைப்பவரின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

கலைச்சொல்லின் பொறுப்பு இங்கே வருகிறது. ‘லேன் கேபிள்’ என்ற பெயர் வடம் எங்கே பயன்படுகிறது என்பதைச் சொல்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லவில்லை. ‘முறுக்கிணை வடம்’ என்பதில் முறுக்கும் இணையும் சொல்லிலேயே உள்ளன. கயிறு திரிக்கும் இம்மண்ணில் முறுக்கை மலையாளத்தில் ‘பிரி’ என்பர். தமிழில் வைக்கோற்புரி, முப்புரி நூல் ஆகியவற்றில் ‘புரி’ அப்பொருளில் வழங்குகிறது. இரு மொழியினரும் சேர்ந்து பணியாற்றும் திருவனந்தபுரத்தில், விளக்கத்தைத் தொடங்க இவற்றைவிட எளிய சொற்கள் வேண்டியதில்லை.

‘லேன் கேபிள்’ என்ற வழக்கை அகற்றச் சொல்லவில்லை. கடையில் அது இருக்கட்டும். வகுப்பிலும் பாடநூலிலும் காரணம் சொல்லும் சொல் முதலில் வரட்டும். நிற வரிசை அதன்பின் வரட்டும். மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாகக் கணினித்துறை நண்பர்கள், விவாதிக்க வேண்டுகிறேன்.