குழித்தறியும் ஹெச்.டி.ஆரும்



பவானியில் ஜமக்காளம் நெய்யும் குழித்தறியைப் படம் பிடித்துப் பார்த்ததுண்டா? வாசல் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் தறி கன்னங்கரேலென்று ஆகிவிடும். தறிக்கு வைத்தால் வாசல் வெளுத்துப் போகும். கண்ணுக்கு இரண்டும் தெரிகிறது, கேமராவுக்குத் தெரிவதில்லை. இதற்கு மருந்துதான் ஹெச்.டி.ஆர். 1/250, 1/60, 1/15 நொடி என மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. வெவ்வேறு அளவில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் ஒளியளவைக் கணக்கிட்டு மீட்கும் முறையை 1997-ல் பால் டெபெவெக்கும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்டார்கள்.

தொல்லை என்னவோ பழசுதான். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், வானம் வெறுமையாக விழுகிறதே என்று தம் நெகடிவ்கள் சிலவற்றில் மேகத்தைக் கையாலேயே தீட்டினார்! நமக்கோ ஒரு பட்டன் போதும்.

நாங்கள் மூன்று பேர் லூமினன்ஸ் ஹெச்.டி.ஆர். என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். முழுக்க இலவசம், திருட்டு சி.டி. தேடி அலைய வேண்டாம். ஆனால் டிரைபாட் கட்டாயம். நெய்பவர் கை அசைந்தால் படத்தில் மூணு கை முளைக்கும், அசல் பேய்ப்படம்! அதைத் திருத்தவும் வழி வைத்திருக்கிறார்கள், பொறுமைதான் வேணும்.

சேர்த்த ஒளியளவு கணினித் திரைக்குள் அடங்காது. அதை அமுக்கித்தான் காட்ட வேண்டும். இங்கேதான் வம்பு! ரைன்ஹார்ட் முறை அடக்கமாக அமுக்குகிறது. ஃபட்டால் முறையோ ஒவ்வொரு நூலையும் துருத்திக் காட்டி, குழியைப் பட்டப்பகலாக்கிவிடுகிறது. நண்பர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பிடித்தது. தறிக்காரப் பெரியவரிடம் காட்டினோம். "இத்தன வெளிச்சம் இருந்தா நான் எதுக்குக் கண்ணு நூலைத் தடவித் தடவிப் பாக்கறேன்?" என்றார்.

என் கட்சியும் அதுவே. அந்த இருட்டில்தான் அவர் பிழைப்பு நடக்கிறது. அதைத் துடைத்துவிட்டு அழகான படம் என்று மாட்டினால், பார்ப்பவர் அங்கே ஒரு விளக்குக்கூடப் போதாது என்பதை எப்படி அறிவார்? கோயில் கோபுரம், கூடுதுறைச் சூரியோதயம் என்றால் எப்படி வேண்டுமானாலும் மெருகேற்றுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆள் வேலை செய்யும் இடமென்றால் மட்டும் கொஞ்சம் கையைக் கட்டுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த புகைப்படப் போட்டியில் ஹெச்.டி.ஆர். படம் தருபவர், கைவைக்காத அந்த மூன்று மூலப் படங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்று விதி போடுங்கள். நடுவர்கள் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.