வெள்ளியா, செம்பா?

நான் பி.காம். கெமிஸ்ட்ரிக்குப் பத்தாவதோடு பெரிய கும்பிடு போட்டவன். தை மாசம் காஞ்சிபுரத்தில், தங்கையின் முகூர்த்தப் புடவை ஜரிகையை எக்ஸ்ரே மெஷினில் வைத்துக் காட்டினார்கள். திரையில் ஏயு, ஏஜி, சியு என்று மூன்று வரி. எதிரே சதவிகிதம்.

"கோல்டுக்கு ஜி, சில்வருக்கு எஸ்னு போடக்கூடாதா சார்?"

"பர்சன்டேஜைப் பாருங்க தம்பி" என்றார் மெஷின்காரர். நியாயம்தான். எனக்கென்னவோ எழுத்துதான் உறுத்தியது.

1813 வாக்கில் சுவீடன் நாட்டு பெர்சிலியஸ் செய்த ஏற்பாடு இது. ஆளுக்கொரு பாஷையில் கூப்பிட்டால் குழப்பம் என்று, லத்தீன் பெயர்களிலிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டார். தங்கம், ஆரம். வெள்ளி, அர்ஜென்டம். பளபளக்கும் வெண்மை என்ற பொருளில் வந்த பெயர். நம்ம வெள்ளியும் வெண்மையில் பிறந்ததே. கலந்து பேசாமலே ஒத்துப்போயிருக்கிறார்கள்! வெள்ளி கிடைக்கும் என்று நப்பாசையோடு ஸ்பெயின்காரர்கள் போன பிரதேசம்தான் அர்ஜென்டினா.

செம்பு கதை வேறு. நமக்கு அது நிறம், செம்மை. ரோமாபுரிக்காரர்களுக்கு ஊர்ப் பெயர். 'சைப்ரஸ் தீவு உலோகம்' என்பது தேய்ந்து குப்ரம் ஆயிற்று, நாம் காஞ்சிப்பட்டு என்கிற மாதிரி. அந்தத் தீவு வீனஸ் தேவதையின் சொந்த ஊராம். அதனால் ஐரோப்பிய ரசவாதிகள் செம்புக்கு வீனஸ் கிரகத்தின் குறியையே போட்டார்கள். வீனஸுக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளி! நாம் அண்ணாந்து பார்த்து வெள்ளி என்றதை, அவர்கள் செம்புக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஜரிகையிலும் இதே வம்புதான். சிவப்புப் பட்டு நூல் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. 'ஜர்' என்றால் பாரசீகத்தில் தங்கம். உள்ளே இருக்கும் தங்கமோ ஒரு சதவிகிதம்கூடத் தேறாது. தங்கத்தைவிட வெள்ளிதான் அதிகம். வெள்ளி குறைந்து செம்பு ஏறினாலும் மேல் முலாம் அதேபோல் ஜொலிக்கும். நெய்கிறவர் உழைப்பும் அதேதான். பணம் கட்டுகிற அப்பாவுக்குத்தான் பட்டை நாமம். முகூர்த்தப் புடவைக்குக் காஞ்சி பஸ் ஏறும் வருங்கால மாப்பிள்ளைகளே, ஏஜி வரியை மட்டும் விடாதீர்கள்.

அன்றைக்குப் பார்க்காவிட்டால் இருபது வருஷம் கழித்துத் தெரியும். பழைய பட்டுப்புடவை வாங்க ஒருவர் தெருவில் வருவாரே, அவருக்குப் பூவேலை, பார்டர் எதுவும் பொருட்டில்லை. ஜரிகையை உருக்கினால் எத்தனை வெள்ளி என்பதே கணக்கு. லத்தீனும் தெரியாது. ஓரமாய் உரசிப் பார்த்து, "செம்புங்கம்மா" என்று புடவையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.