பத்தியமும் புரதப் பொடியும்

“புண்ணு ஆறுற வரைக்கும் முட்டை, மீனெல்லாம் கொடுத்துடாதீங்க, சீழ் வைக்கும்.” விபத்து வார்டுக்கு வரும் உறவினர்கள் இப்படிச் சொல்லிவிட்டு, புரதப் பொடி டின் ஒன்றையும் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டில் அதிகக் கெடுதல் எதுவென்றால், பத்தியத்தைத்தான் சொல்வேன்.

1930களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன், கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் ஏகமாக வெளியேறுவதைக் கண்டார். முறிந்த இடத்துத் தசை மட்டும் சிதைந்தால் அவ்வளவு வராது. உடம்பு முழுக்கத் தசை கரைந்துகொண்டிருந்தது. தசைப் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து, புண்ணை மூடவும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கும் செலவாகிறது. புரதத்தைக் கூட்டிக் கொடுத்தும் அந்த இழப்பை அவரால் முழுதாக நிறுத்த முடியவில்லை.

கடும் பாதிப்பில் ரத்தத்தில் சட்டென்று சரிவது குளுட்டமின் என்ற அமினோ அமிலம். குறைவதை மருந்தாக ஏற்றினால் ஆயிற்று என்று பலரும் நம்பினார்கள், நியாயமான நம்பிக்கைதான். பல உறுப்புகள் செயலிழந்த 1,223 ஐசியூ நோயாளிகளிடம் நடந்த ரெடாக்ஸ் ஆய்வு 2013இல் வெளியானபோது, குளுட்டமின் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 32.4 சதவீதம், பெறாதவர்களில் 27.2. ஆறு மாதம் கழித்தும் இறப்பு குளுட்டமின் பெற்றவர்களிடமே கூடுதல். 2022இல் தீக்காயக்காரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் தீங்கு தெரியவில்லை, பலனும் தெரியவில்லை. மொத்தப் புரதத்தை அளவுக்கு மீறி ஏற்றுவதும் உதவாது: 2023இல் வந்த எஃபர்ட் ஆய்வில், நாளுக்குக் கிலோ எடைக்கு 2.2 கிராம் இலக்காக வைக்கப்பட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது பாதகமாகவே தெரிந்தது.

ஐரோப்பிய வழிகாட்டுதல் ஐசியூ நோயாளிக்குப் நாளுக்குக் கிலோ எடைக்கு 1.3 கிராம் புரதம் வரை படிப்படியாகப் போகச் சொல்கிறது. 60 கிலோ ஆளுக்கு 78 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் அதில் பாதிகூடத் தேறாது. முட்டையையும் மீனையும் விலக்கி, கஞ்சியிலேயே நாளை ஓட்டினால் தசை எங்கிருந்து திரும்பும்?

மூக்குக் குழாய் இருக்கும்வரை டயட்டீஷியன் மில்லி கணக்கில் குறித்துவைக்கிறார். குழாயை எடுத்ததும் கணக்கும் நின்று, பொறுப்பு அட்டெண்டரான அம்மாவிடமோ மனைவியிடமோ போய்ச் சேர்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளுக்கு நீளமான பட்டியல். சாப்பாட்டுக்கு ‘நார்மல் டயட்’ என்ற இரண்டே சொல். அங்கே நாளுக்கு எத்தனை கிராம் புரதம், அதற்கு எத்தனை முட்டை, எவ்வளவு பருப்பு என்று எழுதித் தரலாம். புண்ணுக்கு மீன் ஆகும் என்பதையும் மருத்துவரே கைப்பட எழுதினால், வார்டுக்கு வரும் பெரியம்மாவிடம் அதைக் காட்டலாம்.