அப்பாவுக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட்?



சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நான்கரை வயதுப் பெண் குழந்தையின் அம்மா. கணவருக்கு சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. இந்த வருடம் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கவில்லையாம். ஃபீஸ் ஒரு காரணம், வேன் வரும் நேரமும் வீடு எழுந்திருக்கும் நேரமும் ஒத்துவராதது இன்னொரு காரணம். "பாப்பாவுக்கு நானே சொல்லித்தரலாம்னு இருக்கேன் மேடம். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் எல்லாம் எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் நடத்தணும்? ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுங்க" என்று கேட்டிருந்தார்.

அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். திங்கள் தமிழ், செவ்வாய் கணக்கு என்று ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அந்த வீட்டையும் குழந்தையையும் பார்க்காமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. ஒரு சனிக்கிழமை மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிவிட்டேன்.

சிப்காட்டுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகள். ஓர் அறை, ஒரு சமையலறை, வாசலில் துளசி. அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின இரவு நைட் ஷிப்ட். அதனால் நாங்கள் மூன்று பேரும் வாசல்படியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில்தான் பேசினோம். "அப்பா தூங்குறாரு, மெதுவா பேசுங்க" என்று எனக்குச் சொன்னதே குழந்தைதான்.

உள்ளே எட்டிப் பார்த்தபோது சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர். அதில் கட்டம் கட்டமாகக் கிரையான் வண்ணம். ஒரு வாரம் முழுக்கச் சிவப்பு, அடுத்த வாரம் நீலம், அதற்கடுத்த வாரம் கறுப்பு, நடுநடுவே மஞ்சள். என்ன இது என்று கேட்டேன். "இவ ஓயாம அப்பா எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு நச்சரிப்பா மேடம். அதுக்காகத் தீட்டி வச்சேன். காலை ஆறு மணி ஷிப்ட்டுன்னா சிவப்பு, ரெண்டு மணி ஷிப்ட்டுன்னா நீலம், நைட்டுன்னா கறுப்பு. லீவுன்னா மஞ்சள்" என்றார் அம்மா, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி. அதற்குள் குழந்தை ஓடிவந்து கறுப்பு வாரத்தின் கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தது. "இது முடிஞ்சா திரும்பச் சிவப்பு. அப்ப அப்பா சாயங்காலம் என்கூட இருப்பாரு."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. வாரத்துக்கு ஏழு நாள், மூன்று நிறம் மாறி மாறி வருகிறது, கறுப்புக்குப் பின் சிவப்பு, இன்னும் எத்தனை கட்டம் தாண்டினால் மஞ்சள் என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து வருவதை ஒழுங்கிலிருந்து ஊகிப்பதுதானே கணக்கின் வேர்? அதை யாரும் 'நடத்தவில்லை'. அப்பா வேண்டும் என்ற ஏக்கத்திலிருந்து அது வந்திருக்கிறது. டைம்டேபிள் கேட்டுக் கடிதம் போட்ட வீட்டுச் சுவரிலேயே நான் கண்டதில் மிக நல்ல டைம்டேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. ஒரு நாலு கோடு நோட்டை எடுத்து நீட்டினார். பக்கம் பக்கமாக 'அ'. சில பக்கங்களில் அழிரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்திருந்தது. "இத எடுத்தாலே அழுறா மேடம்."

அழத்தான் செய்யும். நம் எழுத்துகளில் 'அ' எழுதுவதற்கு எளிதானது அல்ல. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு நெடுங்கோடு என்று விரல் நாலு விதமாகத் திரும்ப வேண்டும். நான்கரை வயது விரலுக்கு அந்தப் பிடி இன்னும் வந்திருக்காது. வரிசையில் முதலில் இருப்பதால் முதலில் எழுதியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காதால் கேட்கவும் வாயால் சொல்லவும் 'அ'வில் தொடங்கலாம். கையால் எழுத 'ட'வும் 'ப'வும் போதும், நேர்க்கோடுகள்தான். அதையும் பென்சிலால் எழுத வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதினார்கள். தட்டில் அரிசி மாவைப் பரப்பிவிட்டால் அதே மணல்தான். தப்பானால் ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று, ரப்பரும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

விரலுக்கு வலு வர என்ன செய்வது என்று அவர் கேட்டார். இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி. உழைப்பாளிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் அடுக்கு வீடுகள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவரைக் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்களுக்குக் கவலை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கி, மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இன்றைக்குப் பெரிய ஃபீஸ் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தொங்கும் அந்தப் பெயர், தொழிலாளர் குடியிருப்பின் ஓர் அறையில் பிறந்தது. இது கும்மிடிப்பூண்டிக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி. மாண்டிசோரி அங்கே கண்டது, குழந்தைக்குக் கைதான் முதல் ஆசான் என்பது. ஊற்றுவது, பிரிப்பது, மூடுவது, திருகுவது என்று கை பழகப் பழக மனம் ஒருமுகப்படுகிறது, எழுத்துக்கும் கை தயாராகிறது. அவர் 1939இல், தம் 69ஆம் வயதில், சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டு இத்தாலியும் அதில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அவர் செய்வித்த மர உருளைகளும் கட்டைகளும் இன்று கடையில் ஆயிரக்கணக்கில் விலை. ஆனால் ரோலிங் மில்லும் லேத் பட்டறையும் நிறைந்த ஊரில் அதற்கு மாற்று இல்லையா? பழைய இரும்புக் கடையில் எடை போட்டு நாலைந்து அளவில் போல்ட்டும் நட்டும் வாங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எந்த நட்டு எந்த போல்ட்டுக்குப் பொருந்தும் என்று குழந்தை தேடட்டும், திருகட்டும், கழற்றட்டும். பெரியது சிறியது, தடிமன், வரிசை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரலுக்குத்தான் அங்கே பயிற்சி. வாய்க்குள் போட முடியாத பெரிய அளவாகப் பாருங்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

இந்த யோசனையை உள்ளேயிருந்து ஒரு குரல் ஆமோதித்தது. அப்பா விழித்துவிட்டார்.

அவருடைய கவலை இங்கிலீஷ். "தமிழ் வீட்லயே வந்துரும். இங்கிலீஷ்தான்..." என்று இழுத்தார். பல அப்பாக்களின் கவலை இது, நியாயமானதும்கூட. ஆனால் தமிழ் தானாக வந்துவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'குளி', 'சாப்பிடு', 'தூங்கு', 'சத்தம் போடாதே' ஆகிய நாலு சொல்லில் ஒரு நாள் முடிந்துவிடும் வீடுகள் இருக்கின்றன. கதை கேட்காத, கேள்விக்குப் பதில் கிடைக்காத குழந்தைக்குத் தாய்மொழியிலும் சொல் சேராது. ஒரு மொழியில் செல்வந்தனாக வளர்ந்த குழந்தைக்கு இரண்டாவது மொழி சீக்கிரம் பிடிபடும். எனவே முதலில் பேசுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் அப்பா, இன்றைக்கு மில்லில் என்ன நடந்தது என்று பத்து நிமிடம் குழந்தைக்குச் சொல்லட்டும். இரும்பு எப்படிச் சிவக்கும், எப்படி நீளும், ஆறினால் என்ன நிறம் ஆகும் என்று அவரைத் தவிர வேறு யாரால் அத்தனை நேரில் கண்டதுபோல் சொல்ல முடியும்? கடிதத்தில் கேட்ட 'சயின்ஸ்' அதுதான்.

மொழிக்கு அந்தத் தெருவே ஒரு பள்ளிக்கூடம். இடதுபக்க வீட்டில் ஒடிசாக் குடும்பம், எதிரில் பீகார்க்காரர்கள், மூலையில் தடாப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக் குடும்பம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது விளையாடிக் களைத்த ஒரு சிறுவன் வாசலில் வந்து நின்றான். நம் பாப்பா கேட்காமலே செம்பை எடுத்துவந்து நீட்டியது. "இவனுக்குத் தண்ணி பாணி" என்று எனக்கு விளக்கமும் தந்தது. ஒடியாவில் 'பாணி', இந்தியில் 'பானி', தெலுங்கில் 'நீள்ளு'. ஒடியாக்காரர் நாக்கை மடித்து 'ண' போடுகிறார், இந்திக்காரர் 'ன' போடுகிறார். நம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை தடுமாறும் ணகர னகர வேறுபாட்டை இந்தக் குழந்தையின் காது ஒரு செம்புத் தண்ணீரில் பிரித்துக்கொண்டுவிட்டது. இங்கிலீஷும் இப்படித்தான் வரும், தினம் ஒரு பாட்டு, கையில் தொட்ட பொருளுக்கு ஒரு சொல் என்று. 'ஏ ஃபார் ஆப்பிள்' ஒப்பிப்பதால் வராது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் மீண்டும் திறந்தது 2022 பிப்ரவரி 16 அன்று. ஏறத்தாழ 23 மாதங்கள் நம் மாநிலத்தின் அத்தனை மழலைகளுக்கும் வீடுதான் பள்ளி. விரும்பி ஏற்றது இல்லை, கஷ்டமான காலம். வேலை போன வீடுகள், ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் எத்தனையோ. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தபோது, அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுத் தம்பிகளும் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைச் சேர்க்கவில்லை, யாரும் எழுந்துபோகச் சொல்லவும் இல்லை. அங்கே கேட்ட பாட்டைத்தான் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அந்த 23 மாதங்களின் கற்றல் இழப்பை ஈடுகட்டத்தான் 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்த இடம் கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பிள்ளைகளை அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை சொல்கிறதே என்று பதற வேண்டாம். "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். நூறு சொல்லும் குழந்தைகளில் பலர் ஏழில் தடுமாறுவார்கள். பல்லாங்குழி நாலு நாள் ஆடினால் அந்தத் தடுமாற்றம் போய்விடும்.

அந்தப் பெற்றோர் சட்டத்தைப் பற்றியும் பயந்திருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. நான்கரை வயதுக் குழந்தை வீட்டில் இருப்பதால் எந்தத் தப்பும் இல்லை. ஐந்து முடிந்ததும் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள்.

அதுவரை வீடு மட்டும் போதுமா? போதாது என்பது என் கருத்து. எல்லா வீட்டிலும் அம்மா இருப்பதில்லை. அவரும் பேக்கிங் செக்‌ஷனுக்கோ தையல் கம்பெனிக்கோ போகிறவராக இருக்கலாம். இதே மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து, மழை வரும்வரை கல் அறுக்கும் குடும்பங்களுக்குக் கதை சொல்லவோ கட்டம் தீட்டவோ நேரம் ஏது? அதற்குத்தான் அங்கன்வாடி. 1975 முதல் இருக்கும் ஏற்பாடு. 2019இல் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளே தொடங்கினார்கள். பால்வாடி என்று இளக்காரமாகப் பேசுவதை நாம் விட வேண்டும். காலையில் அங்கே போனால் முட்டையும் சத்துமாவும் கிடைக்கும், அவற்றைவிட முக்கியமாகச் சம வயதுக் கூட்டம் கிடைக்கும். பகிர்வதும் சண்டை போட்டுச் சமாதானம் ஆவதும் தனியாக ஒரு வீட்டில் வராது. அரை நாள் அங்கே, மீதி நாள் வீட்டில் என்று பேசி முடித்தோம்.

மஞ்சள் கட்டங்களுக்கு மட்டும் சில யோசனைகள் சொல்லிவிட்டு வந்தேன். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம், தின்கிற பாசியாலும் இறாலாலும்தான் பிறகு அந்த ரோஜா நிறம் என்று சொன்னால் குழந்தை சாப்பாட்டுத் தட்டையே புதிதாகப் பார்க்கும். திருவள்ளூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பூண்டி. அங்குள்ள அருங்காட்சியகத்தில் கற்காலக் கருவிகள் இருக்கின்றன. பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுக்கத் தொடங்கியவற்றின் வயதை ஆய்வாளர்கள் இன்று 15 லட்சம் ஆண்டு என்கிறார்கள். அந்த எண் குழந்தைக்கு வேண்டாம். "உன்னை மாதிரி ஒரு பாப்பாவோட அப்பா இந்தக் கல்லைத் தட்டித் தட்டிக் கூர்மையாக்கினாரு" என்றால் போதும். போகிற ரயிலில் கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று பெயர்ப்பலகைகளைக் காட்டிக்கொண்டே போங்கள். பொன்னேரியில் 'ப'வைக் கண்டுபிடிக்கும் நாளில் குழந்தை கத்துகிற கத்தல் பெட்டி முழுக்கக் கேட்கும்.

கிளம்பும்போது குழந்தை என் கையைப் பிடித்துக் காலண்டர் அருகே இழுத்துச் சென்றது. "நீங்க திரும்ப எப்ப வருவீங்க?" அடுத்த மாதத்துத் தாளைப் புரட்டி, ஒரு சனிக்கிழமையைக் காட்டினேன். எந்த நிறம் தீட்டுவது என்று யோசித்துவிட்டுப் பச்சையை எடுத்தது. பச்சை இதுவரை அந்தக் காலண்டரில் இல்லை.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் வெறும் கட்டங்கள் மட்டும் போட்ட மாதத் தாள் ஒன்றை அச்சிட்டிருக்கிறோம். பிரித்தெடுத்துக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். உங்கள் வீட்டின் ஷிப்ட்டுகளுக்கு எந்த நிறம் என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்