உள்ளூர்ப் பியரும் சந்தை ஹடியாவும்

பெங்களூரு இந்திராநகரில், குடியிருப்புத் தெருவொன்றை ஒட்டிய சிறு பியர் ஆலையில், அவர்களே காய்ச்சிய கோதுமை பியரைக் கடந்த வாரம் சுவைத்தேன். நன்றாகவே இருந்தது. வாழைப்பழமும் கிராம்பும் கலந்தாற்போன்ற மணம். இரண்டில் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. நொதித்தலின்போது ஈஸ்ட் உருவாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் முன்னதையும், 4-வினைல் குவாயகால் பின்னதையும் தருகின்றன. பரிமாறிய இளைஞர் இதனை ஆசிரியருக்குரிய நிதானத்தோடு விளக்கினார். கைவினை, மரபு, உள்ளூர் என்ற மூன்று சொற்களும் அவர் பேச்சில் அடிக்கடி வந்தன.

மூன்றாவது சொல்லில்தான் எனக்குத் தடை. பியரின் பெரும்பகுதி நீர். பெங்களூருக்கு வரும் காவிரி நீரோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்படுவது (2024 கோடையை அந்நகரத்தார் மறந்திருக்கமாட்டார்கள்). காய்ச்சும் பாணி பவேரியாவினுடையது. ஆயினும் இது ‘உள்ளூர்’. ராஞ்சியைச் சுற்றியுள்ள சந்தைகளில் பழங்குடிப் பெண்கள் விற்கும் ஹடியா மட்டும் ‘சமூகப் பிரச்சினை’.

தானிய மதுவின் அடிப்படைச் சிக்கல் எங்கும் ஒன்றே. ஈஸ்ட் மாவுச்சத்தை நேரடியாக உண்ணாது. அது முதலில் சர்க்கரையாக வேண்டும். ஐரோப்பியர் தானியத்தை முளைகட்டி, முளையில் தோன்றும் நொதிகளைக் கொண்டு இதைத் தீர்த்தனர். ஹடியா செய்வோர் சோற்றை ஆறவைத்து, அரிசிமாவோடு வேர்களும் மூலிகைகளும் சேர்த்துப் பிசைந்து உலர்த்திய ரானு வில்லையைப் பொடித்துக் கலக்கின்றனர். வில்லையில் வாழும் பூஞ்சைகள் மாவுச்சத்தை உடைக்க, ஈஸ்ட் அதை மதுவாக்குகிறது. இரண்டு வேலையும் ஒரே பானையில், ஒரே காலத்தில். நுண்ணுயிரியல் மாணவர் எவரும் இதனை எளிய தீர்வு என்று சொல்லத் துணியார்.

ஜார்க்கண்ட் அரசு 2020இல் தொடங்கிய பூலோ ஜானோ ஆசீர்வாதத் திட்டம், இப்பெண்களை வேறு தொழில்களுக்கு மாற்ற முனைகிறது. அதன் கவலை பொய்யன்று. சாலையோரம் அமர்ந்து விற்பதன் அவமானத்தையும், குடியால் சிதையும் வீடுகளையும் காணாமல் பேசுவது நம்மைப் போன்றோர்க்கு எளிது. ஆனால் குடி இந்திராநகரிலும் குடிதான். அங்கே உரிமமும் முதலீடும் இருப்பதால் அறிவு ‘கைவினை’ ஆகிறது; இங்கே அவை இல்லாமையால் அதற்கு நிகரான அறிவு மறுவாழ்வுக்கு உரியதாகிறது. அசாமின் திமாசா மக்களது ஜுடிமா என்னும் அரிசி மது 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. மகிழ்ச்சியே, எனினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி, விற்கும் உரிமத்தைத் தாராது.

ரானுவை ஆராயும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவ்வில்லையைப் பிசைந்து தந்த பெண்களை ‘மாதிரி சேகரித்த இடம்’ என்ற துணைத்தலைப்பின்கீழ் அடக்கிவிடாதீர்கள்.