இது சாப்பிட்டால் உடம்பு குறையுமா?

காந்தி மார்க்கெட் மொத்தக் கடையானாலும் சரி, ஸ்ரீரங்கம் உத்திர வீதியின் சில்லறை மளிகைக் கடையானாலும் சரி, நாள்தோறும் நாலு பேராவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, இது சாப்பிட்டால் உடம்பு குறையுமா?" கொள்ளு, தேன், ஓட்ஸ், தினை என்று எதைக் கையில் எடுத்தாலும் இதே கேள்விதான். நாமும் பொட்டலம் கட்டும் அவசரத்தில், "நல்லா குறையும்மா, தைரியமா வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி விடுகிறோம். ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிகிறது. அந்த வார்த்தையை நம்பி வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை.

நமக்கு அது ஒரு முறை தெரிய வந்தது. நெடுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். கொள்ளு மாவு வாங்க வந்தவரிடம், "ராத்திரி இதைக் கஞ்சி காய்ச்சிக் குடிங்க, வேற எதுவும் வேண்டாம், ஒரே மாசத்துல இளைச்சிடுவீங்க" என்று சொன்னது நாம்தான். அவரும் நம்பினார். சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்தவர், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக் கொண்டார். நான்காம் நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து விட்டது என்றார் டாக்டர். நல்லவேளையாகப் பிழைத்துக் கொண்டார். பிறகு கடைக்கு வந்தபோது நம்மை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

எனவே நம் சரக்கைப் பற்றி நாமே நம்பிக் கொண்டிருக்கும் சில தவறான எண்ணங்களை முதலில் சரி பார்ப்போம்.

கொள்ளும் சப்பாத்தியும்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி நமக்குப் பெரிய விளம்பரம். ஆனால் 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி என்றால், 100 கிராம் கொள்ளிலும் 320க்கு மேல் இருக்கிறது. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் அதிகம் என்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், சோறு குறையும். நன்மை அவ்வளவே. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கொள்ளு ரசமும் குடித்தால் கொழுப்பு கரையாது.

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் இளைக்கலாம் என்பது அடுத்த நம்பிக்கை. கோதுமை மாவும் அரிசியும் எடைக்கு எடை கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு சப்பாத்தியும் தேங்காய்க் குருமாவும் நாலு இட்லியை மிஞ்சி விடும். சிறுதானியமும் அப்படியே. ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நமக்கு நல்ல விற்பனை. நல்ல உணவுதான்; தீட்டாமல் விற்றால் நார்ச்சத்து நிறைய உண்டு. ஆனால் நெய் மிதக்கும் தினைப் பொங்கல் யாரையும் இளைக்க வைக்காது.

எண்ணெய், தேன், சுகர் ஃப்ரீ

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் 100 கிராமுக்கு 900 கலோரி. டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று அச்சடித்திருப்பதால் அதிகம் ஊற்றலாம் என்று பொருளல்ல. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் தொப்பை கரையும் என்பதும் வீண். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் தேனில் 300க்கு மேல். வெல்லம் சர்க்கரைக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். சர்க்கரைக்குப் பதிலான இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டிலும் மைதாவும் கொழுப்பும் இருக்கின்றன என்பதை வாங்குபவருக்கு நாம் சொல்லலாமே!

பட்டினி

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஏகாதசி விரதம் தெரியாததல்ல. அது பெருமாளுக்காக இருப்பது, இடுப்புக்காக அல்ல. அன்று அரிசியைத் தவிர்த்துவிட்டு ரவா உப்புமாவும் கேசரியும் பலகாரமாகச் சாப்பிடும் வீடுகளில், வழக்கமான நாளைவிடக் கலோரி கூடுவதும் உண்டு. கடும் பட்டினியில் முதல் வாரம் மளமளவென்று எடை இறங்குவதைக் கண்டு மயங்கக் கூடாது. அதில் பெரும்பகுதி நீர். மறுபடி சாப்பிட்டதும் அது திரும்பி விடும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும், அதுவே நிலைக்கும்.

சட்டமும் உண்டு

சில கடைகளில் "பத்தே நாளில் எடை குறையும்" என்று அட்டை எழுதித் தொங்க விடுகிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 53ன்படி, உணவுப் பொருள் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடை அட்டையும் விளம்பரம்தான். மருந்து என்று சொல்லி உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மூலிகைப் பொடி என்ற பெயரில் வருவதை இன்னும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். இதயத்துக்கு ஆபத்து என்று 2011இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இத்தகைய "மூலிகை" சரக்குகளில் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பில் இல்லாமல், தயாரிப்பாளர் முகவரி இல்லாமல் வரும் பொடியைக் கடைக்குள் ஏற்றவே வேண்டாம்.

நம் கதை என்ன?

வாடிக்கைக்காரருக்குச் சொல்வது இருக்கட்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆண்களில் 100க்கு 37 பேர், பெண்களில் 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரும் நாம் இந்தக் கணக்கில் முன்வரிசை. நாளைக்கு ஆறு டீ, டீக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் டீயில் மட்டும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. போதாக்குறைக்கு மாலையில் இரண்டு வடை. கடை அடைத்த பிறகு பதினோரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பாடு. அரை மணி நேரம் நடந்து செலவழித்ததை அந்த இரண்டு வடையே திருப்பித் தந்து விடும். ஆகவே நடையும் வேண்டும், வாய்க்கட்டும் வேண்டும். சித்திரை வீதிகளைக் காலையில் சுற்றி வரக் காசு கேட்பார் இல்லை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் வியாபாரம் படுத்து விடாதா என்று சில அன்பர்கள் கேட்கலாம். இளைப்பதற்கென்று வாங்கியவர் இளைக்காவிட்டால் மறுமாதம் வாங்கப் போவதில்லை. நல்ல உணவு என்று அறிந்து வாங்கியவர் மாதாமாதம் வாங்குவார். எனவே அந்தக் கேள்விக்கு நமது கடையில் இப்போது ஒரே பதில்: "நல்ல சாமான்தாம்மா. ஆனா இதைச் சாப்பிட்டா மட்டும் குறையாது. மொத்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கணும். மாத்திரை சாப்பிடறவங்கன்னா டாக்டரைக் கேட்டுக்குங்க."

எல்லா வணிகர்களும் இதையே சொல்லலாம். உணவியல் வல்லுநர் ஒருவரை அழைத்து நம் உறுப்பினர்களுக்கு ஒரு மாலை விளக்கம் தரச் சங்கமும் ஏற்பாடு செய்ய வேண்டும். தராசில் ஒரு கிராம் குறையாமல் நிறுத்துத் தரும் நாம், வார்த்தையையும் அப்படியே நிறுத்துத் தருவோம்.